டூ ஏபி

பள்ளியில் நம்மில் பலர் செய்த பிழை ஒன்று உண்டு. ‘ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர்’ எவ்வளவு என்று கேட்டால், ‘ஏ ஸ்கொயர் ப்ளஸ் பி ஸ்கொயர்’ என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். கணக்கு வாத்தியார் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் ‘டூ ஏபி எங்கே?’ என்று எழுதியிருப்பார். குவாண்டம் கணினி வகுப்பின் முதல் மணி நேரத்தில் நான் பலகையில் எழுதுவதும் அந்தக் கேள்வியைத்தான்.

வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் வேலையில் இருப்பவர்கள். வங்கியில் தகவல் பாதுகாப்பைப் பார்ப்பவர், தொலைத்தொடர்பில் பதினைந்து வருடம் ஆன்டெனாவோடு பழகிய பொறியாளர், கல்லூரியில் வேதியியல் நடத்தும் பேராசிரியை, மென்பொருள் எழுதும் இளைஞர்கள். வார நாளெல்லாம் உழைத்துவிட்டுச் சனிக்கிழமையைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அதை வீணாக்கக் கூடாது என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அவர்களுக்கு வேண்டிய கணிதம் அதிகம் இல்லை. பிளஸ் டூவில் படித்த அணிகள், கலப்பெண்கள், நிகழ்தகவு போதும். தூசி தட்டினால் அரை நாளில் கைக்கு வந்துவிடும். பைத்தான் பலருக்குத் தெரியும். சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. ஏறக்குறைய எல்லோரும் ஒரே வாக்கியத்தை மனப்பாடமாகச் சுமந்து வருகிறார்கள்: ‘கியூபிட் ஒரே நேரத்தில் 0 ஆகவும் 1 ஆகவும் இருக்கும்; அதனால் குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்த்துவிடும்.’ முன்பாதியை ஒருவாறு ஏற்றுக்கொள்ளலாம். பின்பாதிதான் ஆளை வழிதவற விடுகிறது. அதைக் கழற்றி வைக்காமல் அடுத்த படி ஏற முடியாது.

கழற்றுவதற்கு ஒரே ஒரு கியூபிட், அதாவது குவாண்டம் கணினியின் ஒரே ஒரு பிட், போதும்.

கியூபிட் 0 நிலையில் இருக்கிறது. அதன் நிலையை மாற்றும் ஹடமார்ட் என்ற கேட்டை அதன்மேல் செலுத்துகிறோம். அளந்து பார்த்தால் பாதித் தடவை 0, பாதித் தடவை 1. ஆயிரம் தடவை செய்தால் இரண்டும் ஐந்நூறை ஒட்டி வரும். காசு சுண்டுவது போலத்தான். இதுவரை வியக்க ஒன்றும் இல்லை. இப்போது நடுவில் அளக்காமல் அதே கேட்டை இரண்டாம் தடவை செலுத்துவோம். காசாக இருந்தால், சுண்டிய காசை மறுபடி சுண்டினாலும் பாதிக்குப் பாதிதான். கியூபிட் அப்படிச் செய்வதில்லை. ஆயிரம் தடவையும் 0 தான் வரும். ஒரு தடவைகூட 1 வராது. குழப்பத்தின் மேல் இன்னொரு குழப்பத்தைப் போட்டால் தெளிவு வந்து நிற்கிறது.

ஏன் என்று பார்க்க வழிகளை எண்ண வேண்டும். 0 இல் கிளம்பிய கியூபிட் 1 இல் போய் நிற்க இரண்டு வழிகள் உண்டு. முதல் கேட்டில் 0 ஆகவே இருந்து இரண்டாவதில் 1 ஆவது ஒன்று. முதல் கேட்டிலேயே 1 ஆகி இரண்டாவதில் அப்படியே நிற்பது மற்றொன்று. திருச்சியிலிருந்து மதுரைக்குத் திண்டுக்கல் வழியாகவும் போகலாம், துவரங்குறிச்சி வழியாகவும் போகலாம். ஒரு வழியில் பஸ் ஓடினால் மதுரை போய்ச் சேர வாய்ப்பு உண்டு. இரண்டு வழியிலும் ஓடினால் வாய்ப்பு கூடும். இரண்டாவது வழியைத் திறந்ததால் மதுரைக்கே யாரும் போய்ச் சேர முடியாமல் ஆனது என்று யாராவது சொன்னால் நம்புவோமா? கியூபிட்டின் ஊரில் அதுதான் நடக்கிறது.

அங்கே ஒவ்வொரு வழிக்கும் உரிய எண் நிகழ்தகவு அல்ல, வீச்சு. நிகழ்தகவுக்குக் கழித்தல் குறி கிடையாது. மழை பெய்ய மைனஸ் முப்பது சதவீத வாய்ப்பு என்று எந்த வானிலை அறிக்கையும் சொல்லாது. வீச்சுக்குக் கழித்தல் குறி உண்டு. ஹடமார்ட் கேட் 0 ஐ எங்கே அனுப்பினாலும் வீச்சு 0.707. 1 ஐ 0 க்கு அனுப்பினாலும் அதே 0.707. ஆனால் 1 ஐ 1 ஆகவே விட்டுவைக்கும்போது மட்டும் மைனஸ் 0.707. நான்கு எண்ணில் ஒன்றில்தான் மைனஸ். ஒரு வழியின் வீச்சு வேண்டுமென்றால் அதன் படிகளைப் பெருக்க வேண்டும். ஆக, 1 க்குப் போகும் முதல் வழியின் வீச்சு ப்ளஸ் அரை; இரண்டாவது வழியின் வீச்சு மைனஸ் அரை.

இனி பள்ளிக்கூடத்துக் கேள்விக்கு வருவோம். வீச்சின் வர்க்கம்தான் நிகழ்தகவு. முதலில் வர்க்கம் எடுத்துவிட்டுப் பிறகு கூட்டினால், கால் கூட்டல் கால், அரை. இது காசு சுண்டும் உலகம். இயற்கை அந்த வரிசையில் செய்வதில்லை. முதலில் வழிகளைக் கூட்டுகிறது, பிறகுதான் வர்க்கம் எடுக்கிறது. ஏ என்பது அரை, பி என்பது மைனஸ் அரை. ஏ ஸ்கொயர் கால், பி ஸ்கொயர் கால், டூ ஏபி மைனஸ் அரை. மொத்தம் சுழியம். அதனால் 1 வரவே வராது. 0 க்குப் போகும் இரண்டு வழிகளுக்கும் வீச்சு ப்ளஸ் அரை. அங்கே அதே டூ ஏபி ப்ளஸ் அரையாகி, கூட்டுத்தொகை முழு ஒன்று. அதனால் எப்போதும் 0. வீச்சு உண்மையில் கலப்பெண் என்பதால் டூ ஏபியின் இடத்தில் ப்ளஸ் அரைக்கும் மைனஸ் அரைக்கும் நடுவே எந்த மதிப்பும் வரலாம். அதை மதிய வகுப்புக்கு வைத்துக்கொள்வோம். வாத்தியார் தேடிய அந்த உறுப்பு, குவாண்டம் கணினியின் முழுச் சொத்து.

குளத்தில் இரண்டு கல் எறிந்தால், ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சேருமிடத்தில் நீர் அசையாமல் நிற்கும். வெளி இரைச்சலைத் தணிக்கும் ஹெட்போனில் இருப்பதும் அதே தந்திரம். ஒளியில் இதைத் தாமஸ் யங் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டினார். அலைகள் அழிந்துகொள்வது பழைய செய்தி. தனியாக நிற்கும் ஒரே ஒரு பொருளின் ‘போயிருக்கக்கூடிய வழிகள்’ ஒன்றையொன்று அழித்துக்கொள்வது என்பதை இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்த பிறகும் நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டதில்லை.

அடுத்த பயிற்சியில்தான் வகுப்பு அமைதியாகும். இரண்டு ஹடமார்ட் கேட்டுகளுக்கு நடுவில் ஒரு சின்ன வேலை செய்கிறோம். பக்கத்தில் இன்னொரு கியூபிட்டை வைத்து, சி-நாட் என்ற கேட்டால் முதல் கியூபிட் எந்த வழியில் போகிறது என்பதை அதில் குறித்துக்கொள்கிறோம். அந்தக் குறிப்பை யாரும் படிக்கப்போவதில்லை. அளப்பதுகூட இல்லை. ஆனாலும் முதல் கியூபிட் பழையபடி பாதிக்குப் பாதி என்று மாறிவிடும். டூ ஏபி போய்விட்டது. எந்த வழி என்ற தடயம் உலகில் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், இரண்டு வழிகளும் இனி ஒரே இடத்தில் வந்து சேர்வதில்லை. தனித்தனி வழிகளாகவே நின்றுவிடுகின்றன. தனித்தனியானவற்றுக்கு வர்க்கத்தைத் தனித்தனியாகத்தான் எடுக்க முடியும். ‘பார்த்தால் மாறிவிடும்’ என்று குவாண்டம் இயற்பியலைப் பற்றிச் சொல்வார்கள். பார்க்க மனிதர் வேண்டியதில்லை. ஒரு தடயம் போதும்.

அடுத்ததாக, இரண்டாவது ஹடமார்ட்டுக்கு முன் அதே சி-நாட்டை இன்னொரு தடவை செலுத்தச் சொல்வேன். இரண்டு சி-நாட் சேர்ந்தால் ஒன்றும் செய்யாததற்குச் சமம். பக்கத்துக் கியூபிட்டில் எழுதிய குறிப்பு அழிந்து அது சுத்தமாகிவிடும். ஓட்டிப் பார்த்தால் ஆயிரம் தடவையும் 0. போன டூ ஏபி திரும்பி வந்துவிட்டது.

மென்பொருள்காரர்களை இது உலுக்கிவிடும். அவர்கள் எழுதும் நிரல்களில் நடுக்கணக்கு, தற்காலிக மாறி என்று எத்தனையோ மிச்சங்கள் இருக்கும். நினைவகம் வீணாகும் என்பதைத் தவிர அவற்றால் கேடு இல்லை. குவாண்டம் நிரலில் அந்த மிச்சம் ஒவ்வொன்றும் ஒரு தடயம். விட்டுவைத்தால் விடையே கெடும். வீடு பெருக்குவது போல, போட்ட நடுக்கணக்கை வந்த வழியே திரும்பிப் போய் அழித்துவிட்டு வர வேண்டும். அப்படித் திரும்பிப்போகக்கூடிய கணக்கீடு சாத்தியம் என்று ஐபிஎம்மின் சார்லஸ் பென்னெட் 1973 இலேயே காட்டியிருந்தார். அவர் அப்போது யோசித்தது கணினி வெளியிடும் வெப்பத்தைப் பற்றி. குவாண்டம் கணினிக்கு அதே வழி உயிர்நாடியாகும் என்பது பின்னால் வந்தது.

வெப்பம் என்றதும் ஆன்டெனா பொறியாளர் நிமிர்ந்து உட்காருவார். இனி அவருடைய நேரம். மீக்கடத்திச் சுற்றால் செய்த கியூபிட்டை இயக்குவது மைக்ரோ அலைத் துடிப்பு. அதிர்வெண் 5 கிகாஹெர்ட்ஸ் வட்டாரம், நம் வீட்டு வைஃபைக்குப் பக்கத்து வீடு. இந்த அலையின் ஒரு துகள் சுமக்கும் ஆற்றலை வெப்பநிலையாக மாற்றிச் சொன்னால் ஏறத்தாழ 0.24 கெல்வின். அறை வெப்பநிலை 300 கெல்வின். அந்தச் சூட்டில் 0 எது, 1 எது என்றே தெரியாது. சுற்றிலும் உள்ள ஒவ்வொரு அதிர்வும் தடயம் எடுத்துக்கொண்டு போகும். அதனால்தான் ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையை வைத்து 0.015 கெல்வின் அளவுக்குக் குளிர வைக்கிறார்கள். நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள வெறுவெளிகூட 2.7 கெல்வின். படங்களில் நாம் பார்க்கும் தங்கநிறச் சரவிளக்கு போன்ற அமைப்பு கணினி அல்ல, அந்தக் குளிரூட்டி. கணினி அதன் அடியில் விரல்நகம் அளவில் இருக்கும் சில்லு. அந்த அடுக்குகளும் கவசங்களும் வடிகட்டிகளும் காவல் காப்பது டூ ஏபியை. அப்படிக் காத்தும் அது பொதுவாக நூறு மைக்ரோவினாடி என்ற கணக்கில்தான் தாங்குகிறது. ஒரு கேட்டுக்குச் சில பத்து நானோவினாடி ஆகும். அதற்குள் வேலையை முடித்தாக வேண்டும்.

இதையெல்லாம் கட்ட இயற்பியல் முனைவர்கள் மட்டும் போதாது. மைக்ரோ அலை தெரிந்தவர், வெற்றிடக் குழாய்களைப் பற்றவைக்கத் தெரிந்தவர், தாழ்வெப்பத்தில் எந்த உலோகம் எப்படிச் சுருங்கும் என்று அறிந்தவர், நானோவினாடி பிசகாமல் துடிப்பனுப்பும் மின்னணுவியலர் எல்லோரும் வேண்டும். இந்தியாவில் மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோது, எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 கியூபிட் வரையிலான கணினிகளை இலக்காக வைத்தது. கணினிக்கான மையம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில். நடுத்தர வயதில் இருக்கும் பொறியாளர்கள் இந்த அறிவியலின் மொழியைப் பேசப் பழகினால்தான் அந்த இலக்கு கைக்கு எட்டும். வேலை செய்பவர்களுக்கான அறிமுகப் பயிற்சி பல்கலைக்கழகப் பட்டத்துக்குச் சளைத்தது அல்ல என்று நான் சொல்வது அதனால்தான்.

பழைய வாக்கியத்துக்கு இப்போது திரும்பலாம். 50 கியூபிட்களின் நிலையை விவரிக்க இரண்டின் ஐம்பதாம் அடுக்கு வீச்சுகள் வேண்டும், அதாவது ஆயிரம் லட்சம் கோடிக்கும் மேல், 1 க்குப் பின்னால் பதினைந்து சுழியங்கள். உண்மைதான். ஆனால் அளக்கும்போது கைக்கு வருவது ஐம்பதே ஐம்பது பிட். எல்லா விடைகளையும் பரப்பிவிட்டு அளந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்ததற்குச் சமம். தவறான விடைகளுக்குப் போகும் வழிகள் ஒன்றையொன்று அழிக்கவும், சரியான விடைக்குப் போகும் வழிகள் ஒன்றையொன்று தூக்கிவிடவும் கழித்தல் குறிகளை முன்கூட்டியே அமைத்து வைக்கத் தெரிந்தால்தான் பயன். எல்லாக் கணக்குக்கும் அப்படி அமைக்க முடியாது. முடிகிற கணக்குகள் குறைவு. ஒவ்வொன்றும் ஒரு கண்டுபிடிப்பு.

வங்கிக்காரருக்குத் தூக்கம் கெடுப்பது அவற்றில் ஒன்று, 1994 இல் பெல் ஆய்வகத்தில் பீட்டர் ஷோர் கண்டது. 15 ஐ வைத்துக் காட்டலாம். 7 ஐ மீண்டும் மீண்டும் பெருக்கி, 15 ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள்: 1, 7, 4, 13, மறுபடி 1, 7, 4, 13. நான்கு படிக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. நான்கில் பாதி இரண்டு. 7 இன் வர்க்கம் 49. அதற்குக் கீழே 48, மேலே 50. 48 க்கும் 15 க்கும் மீப்பெரு பொதுக் காரணி 3. 50 க்கும் 15 க்கும் 5. 15 உடைந்துவிட்டது. அறுநூற்றுச் சொச்சம் இலக்கம் உள்ள எண்ணில் அந்தச் சுற்று எத்தனை படிக்கு ஒருமுறை வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் சாதாரணக் கணினியால் முடியாத காரியம். ஷோரின் முறையில், தவறான சுற்றுநீளங்களைச் சுட்டும் வழிகள் அழிந்துகொள்கின்றன. சரியானதைச் சுட்டும் வழிகள் ஒன்றுசேர்கின்றன. ஆர்எஸ்ஏ என்ற மறையாக்கப் பூட்டு நிற்பது அப்படிப்பட்ட எண்களின் மேல். 2,048 பிட் ஆர்எஸ்ஏவை உடைக்க இரண்டு கோடி கியூபிட் வேண்டும் என்று 2019 இல் வந்த மதிப்பீடு, 2025 இல் பத்து லட்சத்துக்கும் கீழே இறங்கியது. இன்றைய கணினிகள் அதற்கு எங்கோ தொலைவில்தான் இருக்கின்றன. ஆனால் இன்று கடத்திச் சேமித்த ரகசியத்தை நாளை திறக்கலாம் என்பதால், அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2024 ஆகஸ்டிலேயே குவாண்டம் கணினிக்கும் அசையாத மூன்று புதிய பூட்டுகளை வெளியிட்டது. வங்கிக்காரருக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் வேலைக்குக் குவாண்டம் கணினி வந்துசேரும் வரை காத்திருக்க வேண்டாம், பூட்டு மாற்றவே பல வருடம் ஆகும்.

இன்னொரு கண்டுபிடிப்பு இந்தியாவில் பிறந்த லோவ் குரோவர் 1996 இல் செய்தது. பத்து லட்சம் பெட்டிகளில் ஒன்றில் மட்டும் பொருள் இருக்கிறது என்றால், ஒவ்வொன்றாகத் திறப்பதற்குப் பதில் அவருடைய சுற்றை ஏறத்தாழ 785 தடவை ஓட்டினால் போதும். இதில் எனக்குப் பிடித்தது, எப்போது நிறுத்துவது என்பது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும், பதம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். குரோவரின் சுற்றும் அப்படித்தான். 785 இல் நிறுத்தாமல் இன்னும் அதே அளவு ஓட்டினால், திரண்டு வந்த விடை மறுபடி கரைந்து ஏறக்குறைய இல்லாமலே போகும். அதிகம் உழைத்தால் அதிகம் கிடைக்கும் என்ற வழக்கமான கணினி நியாயம் இங்கே செல்லாது.

வேதியியல் பேராசிரியைக்கு இத்தனை சுற்றுவழி தேவையில்லை. மூலக்கூறுக்குள் எலக்ட்ரான்கள் செய்வது முழுக்க டூ ஏபி கணக்குதான். அதைச் சாதாரணக் கணினியில் போட்டால் எலக்ட்ரான் கூடக்கூடத் தாங்காது, இயற்கையைப் போலவே நடக்கும் கணினி வேண்டும் என்று ரிச்சர்ட் ஃபைன்மன் 1981 இல் பேசினார். உளுந்துச் செடியின் வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியா, ஒரு நொதியின் உதவியால் மண்ணின் சூட்டிலேயே காற்றின் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்குகிறது. நம் உரத் தொழிற்சாலைகளுக்கு அதே வேலைக்கு 400 டிகிரிக்கு மேல் சூடும் பெரும் அழுத்தமும் வேண்டியிருக்கிறது. அந்த நொதியின் நடுவில் உள்ள இரும்பு, மாலிப்டினக் கொத்தில் எலக்ட்ரான்கள் எப்படி நகர்கின்றன என்று கணக்கிடுவது குவாண்டம் கணினிக்கு வைத்திருக்கும் இலக்குகளில் ஒன்று. பூட்டு உடைப்பதைவிட இதற்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.

அதற்குப் பிழை குறைய வேண்டும். கியூபிட்டைப் பார்த்தால் டூ ஏபி போய்விடும். பார்க்காமல் பிழையைத் திருத்துவது எப்படி? ‘நீ 0 ஆ, 1 ஆ’ என்று கேட்காமல், பக்கத்துப் பக்கத்துக் கியூபிட்களிடம் ‘நீங்கள் ஒன்றுபோல இருக்கிறீர்களா, வேறாக இருக்கிறீர்களா’ என்று மட்டும் கேட்கிறார்கள். வழி தெரியாது, பிழை மட்டும் தெரியும். 2024 டிசம்பரில் கூகுள் அறிவித்த 105 கியூபிட் வில்லோ சில்லில், காவலுக்கு நிற்கும் கியூபிட்களைக் கூட்டக்கூட, காக்கப்படும் ஒரு கியூபிட்டின் பிழை ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய பாதியானது. அந்தக் கியூபிட் கணக்கு எதுவும் போடவில்லை, ஒரு நிலையைச் சிதறாமல் வைத்திருந்தது, அவ்வளவுதான். முப்பது வருடமாகக் கோட்பாட்டில் இருந்தது கையில் நடந்தது என்பதால் அதைப் பெரிய செய்தியாகவே கருதுகிறேன்.

வகுப்பின் கடைசி மணி நேரம் உண்மையான இயந்திரத்துக்கு. 2016 மே மாதம் ஐபிஎம் 5 கியூபிட் கணினி ஒன்றை இணையம் வழியாக எல்லோருக்கும் திறந்துவிட்டது. அடுத்த வருடம் கிஸ்கிட் என்ற மென்பொருளையும் கொடுத்தது. கிராமத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பவரும் கடலுக்கு அப்பால் இருக்கும் கியூபிட்டுக்குத் துடிப்பு அனுப்பலாம் என்ற நிலை அன்றுதான் வந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுவேன். இரண்டு ஹடமார்ட்டை அடுத்தடுத்து எழுதி அனுப்பினால், ‘இரண்டும் சேர்ந்தால் ஒன்றுமில்லைதானே’ என்று கிஸ்கிட்டே இரண்டையும் நீக்கிவிடும். நடுவில் பேரியர் என்ற தடுப்பைப் போட்டால்தான் இரண்டும் இயந்திரம் வரை போகும்.

ஒரு சனிக்கிழமை ஆன்டெனா பொறியாளர் தடுப்பைப் போட்டு ஆயிரம் ஓட்டம் அனுப்பினார். வரிசையில் காத்திருந்து முடிவு வந்தது. 0 என்ற கம்பம் திரையின் உச்சிவரை நின்றது. பக்கத்தில் 1 என்ற இடத்தில், தரையை ஒட்டி, ஒரு சின்னக் கோடு. முதலில் ஓட்டிப் பார்த்த பாவனைக் கணினியில் அந்த இடம் சுத்தமாகக் காலியாக இருந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ‘சார், இந்தக் கொஞ்சத்தில் டூ ஏபியை யார் எடுத்தது?’ என்று கேட்டார். துடிப்பின் நீளம் மயிரிழை பிசகியிருக்கலாம், கடைசியில் படிக்கும் மின்னணுவியல் 0 ஐ 1 என்று தவறாகப் படித்திருக்கலாம், சில்லின் பரப்பில் எங்கோ ஓர் அணு தடயம் எடுத்திருக்கலாம் என்றேன். எது எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரிக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, ஹடமார்ட் எதுவும் இல்லாமல் வெறும் 0 ஐ மட்டும் ஆயிரம் தடவை அளக்கும் நிரலைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.